பொருளாதாரமா, மழலையர் கல்வியா, உற்பத்தித் தொழில்நுட்பமா? கம்யூனிட்டி காலேஜில் எதைப் படிக்கலாம்?

கேள்வி: கலிபோர்னியாவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுதான் கிரீன் கார்டு கிடைத்தது. தமிழ்நாட்டில் பி.காம். முடித்தேன், வயது 36. மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் பகலில் நேரம் இருக்கிறது. அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் பொருளாதாரம், மழலையர் கல்வி, உற்பத்தித் தொழில்நுட்பம் மூன்றும் எனக்கு ஒத்துவரும் நேரத்தில் நடக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்குள் வேலைக்குப் போக வேண்டும். எதில் சேரலாம்?

பதில்: மூன்றும் ஒரே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புகள் தரும் அரசுக் கல்லூரி), ஒரே கட்டணத்தில் நடப்பதால் ஒரே வகைப் படிப்புகள்போலத் தெரிகின்றன. உண்மையில் இவற்றை ஒரே தராசில் வைக்க முடியாது. பொருளாதாரம் பாதியில் நிற்கும் படிப்பு. மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடித்தால்தான் பயன். மழலையர் கல்வியில் எத்தனை யூனிட் (படிப்பின் அளவு; ஒரு பாடம் பொதுவாக மூன்று யூனிட்) முடித்தீர்கள் என்பதைப் பொறுத்து வேலை கிடைக்கும். உற்பத்தித் தொழில்நுட்பத்தில் இயந்திரத்தின் முன் நின்று செய்து காட்டத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பொருளாதாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு அது பொருந்தவில்லை. இங்கே கற்றுத் தருவது பெரும்பாலும் மைக்ரோ (நுண்பொருளாதாரம்), மேக்ரோ (பேரியல் பொருளாதாரம்) என்ற இரண்டு அடிப்படைப் பாடங்கள். கூடவே புள்ளியியலும் கால்குலஸும் எடுக்கச் சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவருக்கு இது அருமையான வழி. 2010இல் வந்த சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்று வகுத்த அசோசியேட் பட்டத்தை (இரண்டாண்டுப் பட்டம்) முடித்தவருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் ஏதாவதொரு வளாகத்தில் இடம் உறுதி. நீங்களோ ஏற்கெனவே பட்டதாரி. இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் எளிதில் இடம் தருவதில்லை. பொருளாதார நிபுணர் என்ற பெயரில் வேலை வேண்டுமென்றால் பொதுவாக முதுநிலைப் பட்டமே கேட்பார்கள். அந்த எண்ணம் இருந்தால், முதுநிலைக்குத் தேவையான கணிதப் பாடங்களை மட்டும் இங்கே மலிவாக முடித்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டில் வேலை என்ற கணக்குக்கு அது வராது.

மழலையர் கல்விக்கு வருகிறேன். கல்லூரிப் பட்டியலில் இதை இ.சி.இ. (ஏர்லி சைல்ட்ஹுட் எஜுகேஷன்) என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த எழுத்துகளைப் பார்த்தால் எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல்தான் நினைவுக்கு வரும். எங்களிடம் அப்படிக் குழம்பி வந்தவர்களும் உண்டு.

கலிபோர்னியாவில் தனியார் குழந்தைகள் மையம் ஒன்றில் முழுத் தகுதி பெற்ற ஆசிரியராக இருக்க 12 யூனிட்டும் ஆறு மாத அனுபவமும் வேண்டும். அந்த 12 யூனிட்டுக்குள் குழந்தை வளர்ச்சி, குழந்தை-குடும்பம்-சமூகம், பாடத்திட்டம் ஆகிய மூன்று துறைகளும் இடம்பெற வேண்டும். ஆறு யூனிட் முடித்ததுமே, மீதியைத் தொடர்ந்து படிப்பேன் என்ற நிபந்தனையோடு வேலையில் சேர விதி இடம் தருகிறது. அதாவது ஒரு செமஸ்டரில் இரண்டு பாடங்கள், பிறகு வேலை. மூன்றிலும் இதுதான் விரைவான பாதை. கைரேகைச் சோதனை, காசநோய்ச் சோதனை, தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிச் சான்றுகள் ஆகியவற்றை இப்போதே திரட்டத் தொடங்குங்கள். பழைய தடுப்பூசிச் சீட்டு கிடைக்காமல் பல வாரங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கசப்பான பகுதி. குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களின் இடைநிலை ஊதியம் 2023இல் நாடு முழுவதற்குமாக மணிக்கு 14.60 டாலர்தான். கலிபோர்னியாவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே அதைவிட அதிகம் என்பதால் இங்கே கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கைக்குழந்தைகள் என்றால் நால்வருக்கு ஒருவர், அடுத்த வயதினர் என்றால் பன்னிருவருக்கு ஒருவர் என்று மாநில விதி இருக்கிறது. பெற்றோர் கட்டும் கட்டணத்துக்கோ எல்லை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது ஆசிரியரின் சம்பளம். (மைக்ரோ வகுப்பில் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே இதைப் படம் போட்டு விளக்கிவிடுவார்கள்!)

சம்பளம் உயர ஒரு வழி உண்டு. 2025-26 கல்வியாண்டு முதல் கலிபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் டி.கே. (டிரான்சிஷனல் கிண்டர்கார்டன், அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) வகுப்பில் இடம் உண்டு. அந்த வகுப்பு ஆசிரியருக்கு, ஆசிரியப் பணி உரிமத்துடன் மழலையர் கல்வியில் 24 யூனிட் என்பது தகுதிகளில் ஒன்று. உங்கள் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு இணை என்று மதிப்பிடப்பட்டால் அந்தக் கதவு திறக்கும். மூன்றாண்டு பி.காம். பட்டத்தை எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே, எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று உரிமம் வழங்கும் இடத்தில் கேளுங்கள்.

மூன்றாவதைத்தான் நம்மவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உற்பத்தி என்றதும் எண்ணெய்க் கறையும் இரைச்சலும்தான் மனத்தில் வருகின்றன. பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: வரைபடம் படித்தல், மைக்ரோமீட்டரால் அளத்தல், பாதுகாப்பு, பிறகு சி.என்.சி. இயந்திரத்துக்கு (கணினி நிரலால் இயங்கும் வெட்டு இயந்திரம்) நிரல் எழுதுதல். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால் உருப்படி குப்பைக்குப் போகும் வேலை இது. கணக்கேட்டில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு முழுவதும் உட்கார்ந்து தேடும் பி.காம். புத்திக்கு இது ஒத்துப்போகும் என்பது என் எண்ணம். லேத்தில் (கடைசல் இயந்திரம்) நிற்க விருப்பமில்லை என்றால், அதே அடிப்படையை வைத்துத் தர ஆய்வுக்கும் உற்பத்தித் திட்டமிடலுக்கும் போகலாம். அங்கே உங்கள் வணிகவியலும் கைகொடுக்கும்.

இந்தத் துறையில் கல்லூரிச் சான்றிதழோடு, தொழில்துறையே நடத்தும் தேர்வுச் சான்றுகளும் மதிக்கப்படுகின்றன. எந்திரக் கடைசல் வேலைக்கு நிம்ஸ் அமைப்பின் சான்றுகளையும், பொது உற்பத்திக்கு சி.பி.டி. (சர்டிஃபைடு புரொடக்‌ஷன் டெக்னீஷியன்) சான்றையும் கேட்டுப் பாருங்கள். படிப்போடு சேர்த்தே அவற்றை எழுத வைக்கும் கல்லூரியே நல்ல கல்லூரி. பட்டறையை ஒருமுறை நேரில் பார்க்காமல் சேராதீர்கள். எத்தனை இயந்திரங்கள் உண்மையில் ஓடுகின்றன, ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள் என்று எண்ணுங்கள். விமான உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பலவற்றில் பாதுகாப்புத் துறை வேலைகள் நடப்பதால், குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் தவிர மற்றவர்களை எளிதில் எடுப்பதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்குத் தரும் விசா) இருக்கும் வாசகிகள் இதைக் கவனிக்க வேண்டும்: படிக்கத் தடையில்லை, ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலைக்குப் போக முடியாது.

பணம்: ஓராண்டுக்கு மேல் மாநிலத்தில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் பாடம் 138 டாலர். புத்தகமும் பட்டறைக் கருவிகளும் தனி. மத்திய அரசின் பெல் உதவித்தொகையை நம்ப வேண்டாம். இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அது பொதுவாகக் கிடையாது, வெளிநாட்டுப் பட்டமும் கணக்கில் வரும். குடும்ப வருமானம் குறைவு என்றால் மாநிலத்தின் கட்டண விலக்குக்கு விண்ணப்பியுங்கள்.

என்னிடம் விட்டால், வரும் செமஸ்டரில் குழந்தை வளர்ச்சி ஒன்று, வரைபடம் படித்தல் ஒன்று என்று எடுக்கச் சொல்வேன். முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒன்றைக் கைவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். குழந்தைகளைப் பிடிக்கும் என்பதும் பன்னிரண்டு குழந்தைகளை நாள் முழுவதும் தாங்க முடியும் என்பதும் வேறு வேறு; ஒரு மையத்தில் அரை நாள் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து வரும்போது களைப்பையும் மீறி மனம் லேசாக இருந்தால் இரண்டாவது பாடத்தை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முதல் பாடத்தை விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அதே கல்லூரியில் கணக்கியலும் இருக்கும். பி.காம். படித்த பலர், இங்குள்ள கணக்காளர் தகுதிக்குக் குறைகிற யூனிட்டுகளை அங்கேதான் நிரப்பிக்கொள்கிறார்கள். கல்லூரியின் கவுன்சலரைச் (படிப்பு ஆலோசகர்) சந்திக்கும்போது மதிப்பெண் பட்டியலைக் கையோடு கொண்டுபோய் அதையும் விசாரித்துவிடுங்கள்.