விந்தணு பெருக இயற்கை மாத்திரை: ஆறு மாதம் காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, மனைவிக்கு 36. ஒன்றரை ஆண்டாகக் குழந்தைக்கு முயல்கிறோம். பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் என்று வந்தது. அஸ்வகந்தாவும் துத்தநாகமும் சேர்ந்த இயற்கை மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையைவிட அந்த ஆறு மாதம்தான் எனக்குக் கவலை தருகிறது. மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால், ஆறு மாதம் முயன்றும் கரு தங்காதபோதே இருவரும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு சொல்லும் கீழ்வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. உங்கள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஒரே பரிசோதனையை வைத்து முடிவுகட்டக் கூடாது. விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதமாகும். இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து, மறுபடி பரிசோதியுங்கள்.

துத்தநாகத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 2,370 தம்பதியரில் பாதிப்பேரின் கணவர்களுக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. குழந்தை பிறந்த விகிதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து எடுத்தவர்களுக்கு வயிற்று உபாதை கூடியதுதான் மிச்சம். அஸ்வகந்தா எண்ணிக்கையைக் கூட்டியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை மிகச் சிறியவை. அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. 'ஆண்மை பெருக்கி', 'தசை வளர்ச்சி' என்று விற்கப்படும் சில பொடிகளில், மேலே அச்சிடாமல், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விரையைத் தூண்டும் சுரப்பை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி அறவே நின்றுவிடக்கூடும்.

சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். விரைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கும் வெரிகோசீல், கையால் தொட்டே அறியக்கூடியது, சிகிச்சையும் உண்டு. மாத்திரை டப்பா எதையாவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மனைவிக்கான பரிசோதனைகளையும், உங்கள் முடிவுக்காகக் காத்திராமல், இப்போதே தொடங்கிவிடுங்கள்.