செல்லோவும் தமிழ்ப் பாட்டும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பெரம்பூர் வாசகி: பல மொழிகளில் பாட்டுக் கட்டி, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவை வாசித்தபடியே பாடுபவர்களில் முதலில் யாரைக் கேட்கலாம்?

லெய்லா மெக்கல்லாவைக் கேளுங்கள். ஹைதிப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ இசையை வாசித்தவர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஹைதி கிரியோல் மூன்றிலும் பாடுகிறார். வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டும் இடங்களைக் கவனியுங்கள். அங்கே செல்லோ தாளத்தைப் பிடித்துக்கொள்ள, குரல் தன்போக்கில் நடக்கும்.

மயிலாப்பூர் மாணவர்: ஐயா, சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம் செல்லோவில் வருமா?

வரும், உழைப்புதான் அதிகம். வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 32 செ.மீ.; செல்லோவில் ஏறக்குறைய 69. தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அசைக்க, விரல் இரு மடங்குக்கு மேல் ஓட வேண்டும். மணிக்கட்டு மட்டும் போதாது, முழங்கையும் கூடவே போக வேண்டும். சுருதி எளிது. மேலைமுறையில் தந்திகள் சி, ஜி, டி, ஏ. மேல் இரண்டையும் (டி, ஏ) ஒரு முழுச்சுரம் இறக்கினால் ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், ஸ ப ஸ ப கிடைத்துவிடும். ஐந்து கட்டையில், அதாவது ஜி சுருதியில், பாடுபவர்களுக்கு எதையும் மாற்ற வேண்டாம், நடுத் தந்திகளே ஸ, ப ஆகிவிடும்.

அடையாறு வாசகர்: ராகம் சேர்த்தும் என் தமிழ் வரி செல்லோவோடு ஒட்டவில்லையே?

ராகம் மட்டும் சேர்த்தால் போதாது. குறிலையும் நெடிலையும் வில் மதிக்க வேண்டும். 'கடல்' என்று பாடும்போது நீளமாக இழுத்தால் 'காடால்' என்று கேட்கும். 'வானம்' என்றால் 'வா'வுக்கு வில்லைத் தாராளமாகக் கொடுங்கள். 'முத்து', 'பட்டு' போன்ற சொற்களில் வில்லைத் தந்தியிலேயே கணநேரம் அழுத்தி நிறுத்தி, பிறகு விடுங்கள். வல்லினம் தெளிவாக விழும். பிரெஞ்சு வரிக்குப் போட்ட வில்லை அப்படியே தமிழுக்கும் போட்டுவிட்டு, அதைக் கலப்பிசை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் வரியை வாய்விட்டுப் படியுங்கள், தொடையில் தாளம் போட்டபடி.

குரோம்பேட்டை வாசகி: தரையில் உட்கார்ந்து வாசிக்கலாமா?

வழக்கமான செல்லோவுக்கு நாற்காலிதான் வசதி, அம்மா. ஹிந்துஸ்தானி வாசிக்கும் சாஸ்கியா ராவ் டி ஹாஸ், அளவைக் குறைத்து மாற்றியமைத்த செல்லோவைத் தரையில் அமர்ந்து வாசிக்கிறார்.

திருவான்மியூர் வாசகர்: வெளிநாட்டு வாத்தியம் எதற்கு என்கிறார் தாத்தா.

வயலினும் கடல் கடந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் எடுத்து வாசித்தார்கள். இன்று அது இல்லாத கச்சேரி அபூர்வம். தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், கூடவே அவருக்குப் பிடித்த கீர்த்தனையைச் செல்லோவில் வாசித்துக் காட்டுங்கள்.

வேளச்சேரி மாணவி: சென்னை வெயிலில் வாத்தியத்தை எப்படிப் பாதுகாப்பது?

ஏசி அறையிலிருந்து நேராக மொட்டைமாடிக் கச்சேரிக்குக் கொண்டுபோய்த் திறக்காதீர்கள். ஈரக்காற்றில் மரம் உப்பும், வறண்ட அறையில் முறுக்காணி வழுக்கும். பெட்டியை மூடியபடியே சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு சுருதி சேருங்கள்.