கள்ள நோட்டு விளக்கும் வீட்டுப் பத்திரமும்

அண்ணே,

உங்கள் மகள் பாப்பாவை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணியும் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பாப்பா வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் அவளுடைய மாமாதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ்னா தனி மரியாதை. நாலு வருஷத்துக்கு 9 லட்சம்தானே, வீட்டுப் பத்திரத்தை வெச்சா ஆச்சு" என்றார். உங்கள் முகம் வாடியதைப் பார்த்து, "பயப்படாதீங்க, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்: பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்.

கிளம்பும்போது பாப்பா தயங்கித் தயங்கி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாளே, அதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. கடையில் ஒருமுறை கள்ள 500 ரூபாயை வாங்கி ஏமாந்த பிறகு நீங்கள் வாங்கி வைத்த ஊதா விளக்கு இருக்கிறதே, அதை ராத்திரியில் எடுத்துப் போய் வீட்டிலுள்ள எல்லாவற்றின் மேலும் அடித்துப் பார்த்திருக்கிறாள். மஞ்சள் கலந்த தேங்காயெண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. சலவைத் தூளில் துவைத்த சட்டை நீலமாக மின்னியது. கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் போட்டால் பச்சைத் தண்ணீர் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. இத்தனையும் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி: "கள்ள நோட்டு முழுசா பளிச்சுனு மின்னுது, நல்ல நோட்டு ஏன் இருட்டா இருக்கு?"

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். +2 முடித்த பிள்ளை தானாக இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்தது குறைவு. பதில் இதுதான். சாதாரண வெள்ளைத் தாளில் வெண்மைக்காக ஒரு ரசாயனம் கலப்பார்கள். உங்கள் விளக்கிலிருந்து வரும் புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மின்னும். பணத்தாளில் அதைக் கலப்பதில்லை, அதனால் தாள் மங்கிக் கிடக்கும். எண் அச்சிட்ட இடம், பாதுகாப்பு நூல், தாளுக்குள் புதைந்த மெல்லிய இழைகள் போன்றவை மட்டும் ஒளிரும். நல்ல நோட்டின் அடையாளமே அந்த இருட்டுதான்.

இதன் பின்னால் ஒரு பெரிய தொழிலே இருக்கிறது. உங்கள் செக் புத்தகத்தை அதே விளக்கில் காட்டிப் பாருங்கள், வங்கியின் சின்னம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். எழுத்தை ரசாயனம் போட்டு அழிக்கப் பார்த்தால் கலங்கிக் காட்டிக்கொடுக்கும் மையும் உண்டு. பாஸ்போர்ட், முத்திரைத்தாள், மதிப்பெண் சான்றிதழ், மருந்துப் பெட்டியின் சீல் என்று எதை எடுத்தாலும் யாரோ ஒரு வேதியியல்காரர் உட்கார்ந்து யோசித்த வேலை அது. யூரோப்பியம் என்ற உலோகம் சேர்ந்த சேர்மம் சிவப்பாக ஒளிரும், டெர்பியம் என்ற உலோகம் சேர்ந்தது பச்சையாக. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியைத் திருப்பித் தரும் பொருள்கூட இருக்கிறது. கடையில் விற்கும் ஊதா விளக்கை வைத்துக்கொண்டு போலி செய்பவன் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சிக்கலும் இல்லாமல் இல்லை. கரிமச் சாயம், அதாவது கார்பன் சேர்மங்களால் ஆன சாயம், வெயிலில் வெளுத்துவிடும். நம் வேலூர் வெயிலில் ஒரு லேபிள் எத்தனை மாதம் தாங்கும் என்று யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். கனிமத் தூள் வெயிலைத் தாங்கும், ஆனால் மையில் கலக்க மிக நைசாக அரைத்தால் ஒளிர்வு குறைந்துபோகும். இந்த இழுபறியில்தான் பாப்பாவைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது.

எங்கே படிப்பது? கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பம் என்று ஒரு பி.இ. இருக்கிறது. கலந்தாய்வில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். கட்-ஆஃப் எட்டவில்லையா, வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் அவள் கணக்குக்கு வரும். பி.எஸ்சி. கடைசி வருடத்தில் ஐஐடி எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு எழுதட்டும். அதற்கு நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம்.

வேலை எங்கே என்று மாமா கேட்பார். ரூபாய் நோட்டு அச்சடிக்கும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் மைசூரில் வைத்திருக்கும் 'வர்ணிகா' மை ஆலையை 2022-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். ஆண்டுக்கு 1500 டன் மை தயாரிக்கும் திறன் அதற்கு. மத்தியப் பிரதேசம் தேவாஸில் இருக்கும் நோட்டு அச்சகத்திலும் மை ஆலை உண்டு. பாஸ்போர்ட் நாசிக்கில் அச்சாகிறது. தடய அறிவியல் துறையில் போலி ஆவணங்களை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இதெல்லாம் வராவிட்டாலும் சாயமும் நிறமும் தெரிந்த வேதியியல்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் தோல் ஆலைகளிலும் வேலை உண்டு. முதல் சம்பளம் சாஃப்ட்வேர்காரர் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும், அரசு நிறுவனத் தேர்வுகளும் அடிக்கடி வருவதில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் தலையில் கடன் இல்லாத பெண் இரண்டு வருடம் பொறுத்திருக்க முடியும். வட்டி கட்டும் வீட்டுப் பெண்ணால் முடியாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு இல்லை. அது பிடித்த பிள்ளைகள் படிக்கட்டும். பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு "பிடிக்குமா?" என்று கேட்டேன். "மாமா சொல்றாரு" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலா அண்ணே? மாமா நல்லவர், அக்காள் மகள் என்ற பாசத்தில்தான் பேசுகிறார். ஆனால் மாதாமாதம் தவணை கட்டப் போவது அவர் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது, அந்தத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டாமல் இருப்பது. அடுத்த ஞாயிறு நீங்களும் பாப்பாவும் மட்டும் வாருங்கள், கலந்தாய்வுப் பட்டியலை அவள் கையாலேயே நிரப்பலாம். அப்புறம், கோபத்தில் விளக்கைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். புற ஊதா ஒளி கண்ணுக்கு நல்லதல்ல, அதைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று மட்டும் வாங்கிக் கொடுங்கள்.