வெளிநாட்டுல நெருக்கடி வந்தா சிப் கம்பெனிகள் என்னாகும்? கேளுங்க, சொல்றேன்

சிங்கப்பூர்ல மெமரி சிப் ஃபேப்ல (சிப் செய்ற தொழிற்சாலை) பதினாலு வருஷம் ப்ராசஸ் இன்ஜினியரா இருந்தேன், அந்த அனுபவத்துல சொல்றேன். எந்த ஷேர் வாங்கலாம்னு மட்டும் கேக்காதீங்க, கடன் வாங்கி சிப் ஷேர்ல போடவே போடாதீங்க.

கேள்வி: அண்ணா, அமெரிக்கால மந்தம் வந்தா சிப் கம்பெனி எல்லாமே விழுமா?

பதில்: ஒரே மாதிரி விழாது. முதல் அடி மெமரிக்குத்தான், ஏன்னா டிராம் (DRAM, கம்ப்யூட்டர், போன்ல இருக்கிற மெமரி சிப்) யார் செஞ்சாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், தக்காளி மாதிரி வரத்து கூடுனா விலை சரிஞ்சிரும். அதோட மெஷின் தேய்மானச் செலவு சிப் வித்தாலும் விக்காட்டியும் ஏறிட்டே இருக்கும், அதனால யாரும் உற்பத்திய சட்டுனு குறைக்க மாட்டாங்க, விலை இன்னும் கீழ போகும். 2023ல கொரியாவோட மெமரி கம்பெனி எஸ்கே ஹைனிக்ஸுக்கு 7.7 லட்சம் கோடி வொன் ஆபரேட்டிங் நஷ்டம், ஏஐ சிப்போட சேர்த்து வைக்கிற எச்பிஎம்ங்கிற வேகமான மெமரி கைகொடுத்து 2024ல 23 லட்சம் கோடி வொன்னுக்கு மேல ஆபரேட்டிங் லாபம். இன்னொண்ணு பாருங்க, உலக நிதி நெருக்கடி சமயத்துல, 2009ல, உலக சிப் விற்பனை சுமார் 9 சதவீதம்தான் குறைஞ்சது, 2001ல மூணுல ஒரு பங்கு போச்சு. டாட்காம் சமயத்துல அளவுக்கு மீறி வாங்கி அடுக்கின சரக்கு பண்ண வேலை அது. அதனாலதான் நான் நியூஸ விட இன்வென்ட்ரி, அதாவது விக்காம கையில இருக்கிற சரக்கு, எத்தனை நாளுக்கு இருக்குன்னு பாப்பேன்.

கேள்வி: மெமரி ஷேர்ல பி/இ (ஷேர் விலை, ஒரு ஷேருக்கான லாபத்துல எத்தனை மடங்கு) ரொம்ப கம்மியா இருக்கே சார், மலிவுதானே?

பதில்: மெமரில லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான் பி/இ கம்மியா தெரியும். ஜாக்கிரதை.

கேள்வி: எந்த ஷேர் வாங்கலாம் ப்ரோ? பர்சனல் லோன் கிடைக்குது.

பதில்: வேணாம். மேல எழுதினத படிங்க.

கேள்வி: மந்தம்னா செலவ குறைக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: எப்பவும் இல்ல. 2009 ஜூன்ல மோரிஸ் சாங், தைவானோட சிப் தயாரிப்பு கம்பெனி டிஎஸ்எம்சிய ஆரம்பிச்சவரு, 77 வயசுல அதுக்கு சிஇஓவா திரும்பி வந்தாரு, வேலைய விட்டு அனுப்புனவங்கள திரும்ப கூப்பிட்டாரு, முதலீட்ட ஏத்தி 2010ல சுமார் 590 கோடி டாலர் போட்டாரு, ஸ்மார்ட்போன் அலை வந்தப்ப கெபாசிட்டி கையில இருந்துச்சு.

கேள்வி: அது பணம் இருந்தவங்க கதை சார். ஜப்பான் டிராம் கம்பெனி எல்பிடா என்னாச்சு?

பதில்: சரியா பிடிச்சீங்க. எல்பிடாவுக்கு 2009ல ஜப்பான் அரசு கைகொடுத்துச்சு, இருந்தும் 2012 பிப்ரவரில சுமார் 44,800 கோடி யென் கடனோட திவால், 2013ல அமெரிக்க மெமரி கம்பெனி மைக்ரான் வாங்கிருச்சு. ஹிரோஷிமா ஃபேப்ல யென்ல செலவு, விக்கிறது டாலர்ல, யென் ஏறி கழுத்த நெரிச்சிருச்சு.

கேள்வி: நடுவுல வர்றேன், டிஎஸ்எம்சியும் டாலர்லதானே விக்குது?

பதில்: ஆமா, ஆனா அவங்க கஸ்டமர் டிசைன் பண்ணி கொடுக்கிற சிப்ப செஞ்சு கொடுக்கிறவங்க, அந்த ஆர்டர கஸ்டமரால வேற ஃபேப்புக்கு சட்டுனு மாத்த முடியாது, அதனால விலை அவங்க கையில ஓரளவு நிக்கும். எல்பிடாவுக்கு சந்தை சொன்னதுதான் விலை. பணமும் வேணும், விலையும் நிக்கணும், ரெண்டும் இருந்தாதான் மந்தத்துல முதலீடு பண்ண முடியும். நான் முதல்ல பாதிதான் சொல்லிருக்கேன், நீங்க கேட்டது நியாயம்.

கேள்வி: குஜராத் சாணந்த்ல இருக்கிற மைக்ரான்ல சிப் செய்றாங்களா?

பதில்: அங்க பேக்கேஜிங், டெஸ்டிங். வேஃபர் ஃபேப் (சிலிக்கான் தகட்டுல சிப்ப உருவாக்குற இடம்) இல்ல.

கேள்வி: இப்ப வாங்கலாமா வெயிட் பண்ணலாமா?

பதில்: திரும்பவும் அதே கேள்வி. பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தம்பிக்கு ஃபேப்ல வேலை கிடைச்சிருக்கு, மந்தம் வந்தா தூக்கிருவாங்களாண்ணா?

பதில்: 2009ல எங்க இடத்துல முதல்ல கான்ட்ராக்ட் ஆளுங்க போனாங்க, எங்களுக்கு சம்பளமில்லா லீவு. எக்விப்மென்ட் மெயின்டெனன்ஸ் ஆளுங்கள மட்டும் தொடல, ஆர்டர் இல்லாட்டியும் வேக்கம் பம்ப், கிளீன்ரூம் காத்து எல்லாம் ஓடிட்டே இருக்கணும். தம்பிய அந்தப் பக்கம் கேட்டு வாங்கிக்க சொல்லுங்க.