பைத்தானில் 2.5 ஏன் 2 ஆகிறது?

அண்ணாச்சி, குலசேகரம் கடையில் ரப்பர் ஷீட் எடையை பைத்தான் நிரலில் ரவுண்ட் செய்தால் (முழு எண்ணாக்கினால்) 2.5 கிலோ 2 ஆகிவிடுகிறது, இது பக் (பைத்தானின் பிழை) என்று புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பைத்தான் 3-இல் சரிபாதியில் நிற்கும் எண் பக்கத்து இரட்டை எண்ணுக்குத்தான் போகும், 3.5 போட்டுப் பாருங்கள், 4 வரும். ஆனால் 2.675-ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டு 2.67 வந்தால் அது வேறு கதை, கணினி எண்களை வைக்கும் பைனரியில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) அந்த எண் ஒரு இழை குறைவாகத்தான் பதிவாகிறது. ஷீட் கொண்டுவருகிறவருக்கு அரைக் கிலோ போவது சின்ன விஷயமில்லை, அதனால் தசம எண்ணை அப்படியே வைத்துக் கணக்கிடும் டெசிமல் (decimal) மாட்யூலுக்கு மாறுங்கள், எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, அதன் குவான்டைஸ் (quantize) கட்டளையில், சரிபாதியை மேலே தள்ளும் ரவுண்ட் ஹாஃப் அப் (ROUND_HALF_UP) போடுங்கள். அப்புறமும் தப்பு வந்தால் பைத்தான் பதிப்பு எண்ணோடு, தனியாக ஓடும் நாலு வரி நிரலையும் சேர்த்து கிட்ஹப் (GitHub) தளத்தில் பைத்தானின் பக்கத்தில் போடுங்கள். 2022-இலிருந்து பைத்தானை உருவாக்குகிறவர்கள் புகார்களை அங்கேதான் பார்க்கிறார்கள்.