கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்ட சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

போன வாரம் பாப்பாவோடு வந்திருந்தீர்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க சார், கெமிஸ்ட்ரி படிச்சா டீச்சர் வேலைக்குத்தானே காத்திருக்கணும்?" என்றீர்கள். பாப்பா வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டது: "பட்டறையில ரெசின் கழுவின ஸ்பிரிட்டை எங்க சார் ஊத்தணும்?" அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொலுசு முகப்புக்கான மாதிரியை நீங்கள் ரெசின் பிரிண்டரில்தான் எடுக்கிறீர்கள். ரெசின் என்ற திரவப் பிசினை ஒளியால் இறுக வைத்துப் பொருள் செய்யும் 3டி பிரிண்டர் அது; மாதிரியில் ஒட்டியிருக்கும் இறுகாத பிசினை ஸ்பிரிட்டில் கழுவுகிறீர்கள். தொட்டிப் பிசின்மீது ஒளி பட்டதும் அதில் கலந்திருக்கும் ஒளித்தூண்டி, அதாவது இறுகுவதைத் தொடங்கிவைக்கும் பொருள், உடைகிறது. சிறு மூலக்கூறுகள் வலையாகப் பின்னிக்கொள்ள, சில விநாடியில் திரவம் கெட்டியாகிறது. பல் டாக்டர் நீல விளக்கு காட்டிச் சொத்தையை அடைப்பதும், அட்டைப்பெட்டியில் மினுங்கும் வார்னிஷும், ஆப்டிகல் ஃபைபரின் மேல்பூச்சும் இதே வேலைதான். கரைப்பான் ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை.

சிக்கலும் அந்த வலையில்தான். ஒருமுறை பின்னிவிட்டால் பிளாஸ்டிக் குடம்போல உருக்கித் திரும்ப வார்க்க முடியாது. இறுகாத பிசின் தோலில் பட்டால் அலர்ஜி வரும், சாக்கடைக்குப் போனால் நீர்வாழ் உயிர்களுக்கு விஷம். நம் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது? சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாற்றில். பாப்பா கேட்டது அதைத்தான்.

இதைச் சரிசெய்ய உலகமே ஆள் தேடுகிறது என்று மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் தொழில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நகப்பூச்சு ஜெல்லில் இருந்த டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. அச்சகங்களில் மையை இறுக்கும் பாதரச விளக்குக்குப் பதில் எல்.இ.டி. வருகிறது. அதன் அலைநீளம் வேறு என்பதால் மையின் கலவையையே மாற்றியாக வேண்டும். அதை மாற்றுகிறவர் கெமிஸ்ட்தானே? 2024-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் லிப்போயிக் அமிலம் என்ற இயற்கைப் பொருளிலிருந்து ஒரு பிசின் செய்து, அச்சடித்த பொருளை மூலப்பொருளாகப் பிரித்துத் திரும்பவும் அச்சடித்துக் காட்டினார்கள். நம் லீ பஜார் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினைக்கூட ஒளித்தூண்டிக்குத் துணையாகச் சோதித்திருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம். ஆமணக்கெண்ணெயில் செய்தது, தாவரத்தில் செய்தது என்று விளம்பரம் வந்தாலே நல்லது என்று அர்த்தமில்லை. அதிலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த அக்ரிலேட் என்ற பிசின் மூலப்பொருள் இருக்கலாம், அதுவும் உருகாத வலையாகவே முடியலாம். மூலப்பொருள் முதல் குப்பை வரை மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வேதியியலோடு இந்தக் கணக்கும் தெரிந்த பிள்ளைகளைத்தான் நான் அரிதாகப் பார்க்கிறேன்.

சரி, வழி என்ன? பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வில் கெமிக்கல் இன்ஜினியரிங். கட்-ஆஃப் கைகொடுத்தால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி ஏ.சி. டெக் கல்லூரி முதல் விருப்பம். இல்லையென்றால் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டிலிருந்தே எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வுக்குத் தயாரிப்பு, அப்புறம் பாலிமர் பக்கம் எம்.எஸ்சி. என் மனம் இரண்டாவதில்தான் இருக்கிறது. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ஆய்வகம்தான் இடம். ஆனால் வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் உங்கள் பயம் நியாயமாகிவிடும். ஐந்து வருடம் என்று மனதை இப்போதே தயார்படுத்திக்கொள்ளுங்கள். வேலை மை, பெயின்ட், பசை, பல் மருத்துவப் பொருள், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் இருக்கும். அநேகமாக வெளியூர்தான்.

பாப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கழுவிய ஸ்பிரிட்டை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஊற்றி, வெள்ளி உருக்கும் அடுப்புக்கு எட்டாத இடத்தில் வெயிலில் வையுங்கள். கரைந்த பிசின் இறுகி அடியில் படியும். வடிகட்டினால் அதே ஸ்பிரிட் மறுபடி கழுவ உதவும். படிந்த கசடை நன்றாகக் காய்ந்து கெட்டியான பிறகே அப்புறப்படுத்த வேண்டும். கையுறை கட்டாயம்.

முதல் ஜாடியைப் பாப்பாவையே வைக்கச் சொல்லுங்கள். எத்தனை நாளில் தெளிந்தது, எவ்வளவு ஸ்பிரிட் மிஞ்சியது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரட்டும். அடுத்த சனிக்கிழமை மார்க் ஷீட்டோடு அதையும் பார்க்கிறேன்.