பழைய ஹெல்மெட்டுக்குப் புதுப் பூச்சு: மௌல்மீன் பெயிண்டரின் பதில்கள்

பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வீட்டிலேயே ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதைப் பற்றிப் பர்மாவின் தட்டோன், பெகு, மாண்டலே, இரங்கூன் ஆகிய ஊர்களிலிருந்தும் எங்கள் மௌல்மீனிலிருந்தும் நம் மக்கள் கேட்ட கேள்விகள் சேர்ந்துகொண்டே போயின. வண்டிகளுக்கு வண்ணம் அடிப்பதே என் தொழில் என்பதால், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (தட்டோன், கல்லூரி மாணவர்): அண்ணா, என் ஹெல்மெட் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. வெயிலில் சிவப்பு நிறம் வெளுத்துவிட்டதே தவிர வேறு குறை இல்லை. வண்ணம் அடித்தால் புதிதுபோல் ஆகிவிடுமா?

பதில்: பார்வைக்குப் புதிதுபோல் ஆகும், தம்பி. ஆனால் விழும்போது தலையைக் காப்பது வெளியே தெரியும் ஓடு மட்டும் அன்று. அதற்குள் இருக்கும் தெர்மோகோல் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் மூளை தப்புகிறது. வியர்வை, தலை எண்ணெய், வெயில், நாள்தோறும் கழற்றி மாட்டுவதால் ஏற்படும் தேய்மானம் ஆகிய அனைத்தும் உள்பாகத்தையும் பட்டையையும் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று தருவதற்காக 1957இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்னெல் அறக்கட்டளை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெல்மெட்டை மாற்றிவிடும்படி பரிந்துரைக்கிறது. பத்து ஆண்டு ஹெல்மெட்டுக்குப் பெயிண்ட் வாங்கும் காசைப் புது ஹெல்மெட்டுக்கான சேமிப்பில் போடுங்கள். என்னிடம் வண்ணம் அடிக்க வருகிற ஹெல்மெட்டுகளில் பாதியை நான் இப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன். வருமானம் போகிறதே என்று வீட்டில் திட்டும் விழுகிறது.

கேள்வி (பெகு, ஓர் அம்மா): என் வீட்டுக்காரர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஹெல்மெட்டை என் மகன் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறான். மகனுக்குப் பிடித்த நிறத்தில் அடித்துக் கொடுக்கலாமா, தம்பி?

பதில்: அம்மா, அதை அவர் வைத்திருந்த நிறத்திலேயே துடைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மகனின் தலைக்கு வேறு வாங்குங்கள். வயதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஹெல்மெட் ஒவ்வொருவர் தலைக்கும் இறுகப் பொருந்த வேண்டும். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. தந்தையின் தலைக்குப் பல ஆண்டுகள் பழகித் தளர்ந்த பஞ்சு மகனின் தலையை இறுகப் பிடிக்காது.

கேள்வி (மாண்டலே, பலர்): பழைய பெயிண்டைத் தின்னர் அல்லது பெட்ரோல் ஊற்றித் துடைத்து எடுத்துவிட்டு அடிப்பது நல்லதா?

பதில்: கூடவே கூடாது. நான் தொழில் பழகத் தொடங்கிய காலத்தில், என் முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில், நல்ல ஹெல்மெட் ஒன்றைத் தின்னர் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன். அன்று மாலை உள்ளே கைவிட்டுப் பார்த்தால், வழிந்த தின்னர் பட்ட இடத்தில் தெர்மோகோல் மழையில் நனைந்த வெல்லம்போல் குழிந்து போயிருந்தது. வெளியே ஒரு கீறலும் இல்லை. அதை அணிந்து யாராவது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

காரணம் எளிது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவை தெர்மோகோலைக் கரைத்துவிடும். வெளி ஓட்டையும் அவை விடுவதில்லை. விலை குறைந்த ஹெல்மெட்டுகளின் ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காகவோ பாலிகார்பனேட்டாகவோ இருக்கும். ஏ.பி.எஸ். அசிட்டோன் பட்டால் இளகும். பாலிகார்பனேட்டோ கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகளை உள்ளுக்குள் வாங்கிக்கொண்டு, அடிபடும் நாளில் பிளந்துவிடும். கண்ணாடி இழை ஓடு இவற்றைவிடத் தாங்கும் என்றாலும் அதற்குள் இருப்பதும் அதே தெர்மோகோல்தான்.

ஸ்பிரே டப்பாவுக்குள் இருக்கும் பெயிண்டிலும் இதே வகைக் கரைப்பான்கள் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ஆலையில் அடித்த பழைய பெயிண்ட் பிளாஸ்டிக்குக்கும் புதுப் பெயிண்டுக்கும் நடுவே ஒரு சுவர்போல் நிற்கிறது. ஆகவே அதை உரித்தெடுக்காமல், பளபளப்பு மட்டும் போகும்படி தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடியுங்கள். ஓட்டில் பெயிண்டோ தின்னரோ பயன்படுத்த வேண்டாம் என்று பல ஹெல்மெட்டுகளின் உட்புறச் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சீட்டு இருந்தால், நான் சொல்வதைவிட அது சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி (மௌல்மீன்): ஓட்டில் சிறிய வெடிப்பு இருக்கிறது. பட்டி வைத்து மூடி அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வெடித்த ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. அதை இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டால்தான் வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள். பெயிண்டில் மட்டும் விழுந்த கீறல் என்றால் தேய்த்தே சரிசெய்துவிடலாம்.

கேள்வி (தட்டோன்): அடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லுங்கள், அண்ணா.

பதில்: முகக்கண்ணாடியையும், கழற்ற முடிந்த பஞ்சு மெத்தைகளையும், காற்றுத் துளை மூடிகளையும் முதலில் கழற்றுங்கள். பட்டையைப் பிடித்திருக்கும் ஆணியைத் தொடாதீர்கள். விளிம்பு ரப்பரைப் பிய்க்காமல் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு இரண்டு முறை கழுவி உலர வையுங்கள். பிறகு 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுவதும் மங்கும்வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். அடியில் பிளாஸ்டிக் தென்படத் தொடங்கினால் அந்த இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. உட்புறம் முழுவதும் செய்தித்தாளைத் திணித்து, விளிம்பைச் சுற்றி இடைவெளி விடாமல் டேப் ஒட்டுங்கள். காற்றுத் துளைகளையும் அடையுங்கள். பெயிண்டின் ஆவிகூடத் தெர்மோகோலுக்குள் போகக் கூடாது. பின்புறத்தில் தரச்சான்று முத்திரை இருந்தால் அதன்மேலும் டேப் ஒட்டி மறையுங்கள். எல்லை ஊரான மியாவடி வழியாக இங்கே வரும் தாய்லாந்து ஹெல்மெட்டுகளில் அந்நாட்டுத் தரமான 369 என்ற எண்ணைக் காணலாம். அதைப் பெயிண்டால் மூடிவிட்டால் நாளைக்கு எது நல்லது, எது போலி என்று உங்களுக்கே தெரியாது. ஹெல்மெட்டைக் கவிழ்த்த பானையின்மேல் உட்கார வைத்தால் எல்லாப் பக்கமும் கைக்கு எட்டும்.

கேள்வி (பெகு): எத்தனை டப்பா தேவைப்படும்? எப்படி அடித்தால் வழியாமல் இருக்கும்?

பதில்: பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியுள்ள பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று, நிறம் ஒன்று, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒன்று என 400 மில்லி டப்பாக்கள் மூன்று ஒரு ஹெல்மெட்டுக்குத் தாராளம். மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். அக்ரிலிக்கின்மேல் வேறு வகை எனாமலை அடித்து, தோல் சுருங்கியதுபோல் முழுவதும் சுருண்டுகொண்ட ஹெல்மெட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

டப்பாவுக்குள் இருக்கும் குண்டு சத்தம் போடத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஒரு சாண், ஒன்றேகால் சாண் தொலைவில் பிடித்து, ஹெல்மெட்டுக்கு வெளியே தொடங்கி மறுபக்கம் வெளியே முடியும்படி கையை வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு பனி படர்ந்ததுபோல் இருந்தால் போதும். அடியில் பழைய நிறம் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை அடித்தால் நிறம் தானாக நிறைந்துவிடும். மெல்லிய பூச்சில் கரைப்பான் உடனே பறந்துவிடுவதால் அடியில் இருப்பதை அரிக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஒரே முறையில் கெட்டியாக அடித்தால் வழிவது மட்டுமல்லாமல், மேலே தோல் கட்டி உள்ளே பல நாள் ஈரமாகவே கிடக்கும்.

கேள்வி (மௌல்மீன், பலர்): மழைக்காலத்தில் அடித்தேன். கறுப்புப் பெயிண்ட் காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிட்டது. டப்பா போலியா?

பதில்: டப்பாவின்மேல் பழி போடாதீர்கள், பழி நம் ஊர் வானத்துக்கு. ஆண்டுக்கு நாலரை மீட்டருக்கும் மேல் மழை கொட்டும் ஊர் இது. பெயிண்டிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது, கையில் ஊற்றிய ஸ்பிரிட் குளிர்வதுபோல், பூசிய இடமும் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் கோப்பதைப்போலவே காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சில் படிந்து, உள்ளே சிக்கி, வெண்புகையாகத் தெரிகிறது. பெரிய ஓவன் வைத்திருக்கும் பட்டறைகளுக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டுத் திண்ணையில் அடிக்கிற நமக்குக் காலம்தான் ஓவன். வைகாசி முதல் ஐப்பசிவரை டப்பாவைத் தொடாமல் இருப்பதே நல்லது. கார்த்திகைக்குப் பிறகு, காலைப் பனி விலகி வெயில் ஏறியதும் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் வேறு வகைத் தொல்லை: பெயிண்ட் ஓட்டில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மணல்போல் சொரசொரப்பாக ஒட்டும். அந்த மாதங்களில் அடித்தே ஆக வேண்டுமென்றால் நிழலில் அடியுங்கள்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு வாரம் காய விட்டு, வறண்ட நாள் ஒன்றில் 1000 எண் தாளால் நீர்விட்டு இலேசாகத் தேய்த்து, அதே நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி (இரங்கூன், பெகுவில் வண்டி ஓட்டும் தம்பிக்காக): அடித்தவுடன் பெயிண்ட் சில இடங்களில் விலகிப் பொட்டுப் பொட்டாக வட்டக் குழிகள் தோன்றுகின்றன. ஏன்?

பதில்: அங்கே எண்ணெய் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய விரலால் ஓட்டைத் தொட்டாலே போதும். வண்டிக்குப் போடும் சிலிக்கோன் பாலிஷ் இன்னும் மோசம். அடுத்த அறையில் தெளித்தாலும் வந்து படியும். காய்ந்ததும் குழிகளைத் தேய்த்து மட்டமாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மீண்டும் அடிக்கச் சொல்லுங்கள். கையுறை அவசியம்.

கேள்வி (தட்டோன்): ரோட்டோரம் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை ஊற்றும்போது ஹெல்மெட்டில் சிந்தி, புதுப் பெயிண்ட் பிசுபிசுத்துவிட்டது. இதற்கு மருந்து உண்டா?

பதில்: சாதாரண டப்பாவில் வரும் அக்ரிலிக் கிளியர் பெட்ரோலைத் தாங்காது. தாங்குவது கடினப்படுத்தி சேர்ந்த இரட்டைக் கலவைக் கிளியர்தான். டப்பாவின் அடியிலுள்ள குமிழை அழுத்தினால் இரண்டும் உள்ளே கலக்கும். ஓரிரு நாளில் மிச்சம் கல்லாகிவிடும். பூச்சு அருமையாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குள் போனால் வாழ்நாள் முழுவதும் நீங்காத ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடும். எனவே அந்த ஒரு பூச்சை மட்டும் தகுந்த மூச்சுக்கருவி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டாமல் சற்றுத் தள்ளி வைத்தால் இந்தச் செலவே வேண்டாம்.

கேள்வி (மாண்டலே): வீட்டுக்குள் அடித்தால் துணி முகமூடி போதுமா?

பதில்: போதாது. துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி அணிந்து, திறந்தவெளியில் அடியுங்கள். டப்பாவிலிருந்து பெயிண்டைத் தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. மின்சாரம் போனதும் மெழுகுவத்தி ஏற்றுவதும், மாலையானால் கொசுவத்திச் சுருள் கொளுத்துவதும் நமக்குக் கைப்பழக்கம். அடிக்கிற இடத்தில் இரண்டும் இருக்கக் கூடாது. தகரக் கூரையின் கீழே டப்பாக்களைப் போட்டும் வைக்காதீர்கள். 50 பாகை வெப்பத்தைத் தாண்டினால் வெடித்துவிடலாம்.

கேள்வி (மௌல்மீன்): எந்த நிறம் நல்லது? நண்பர்கள் எல்லாரும் பளபளப்பில்லாத மட்டக் கறுப்பு அடிக்கிறார்கள்.

பதில்: வெள்ளை. நியூசிலாந்தின் ஆக்லாந்து வட்டாரத்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயமடையும் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. நம் வெயிலில் தலைக்கும் அது குளிர்ச்சி. கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். முகக்கண்ணாடியில் எந்த நிறமும் அடிக்க வேண்டாம்.

கேள்வி (பெகு): பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இப்போது அடித்தால் தண்ணீர் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போகலாமா? முன்பக்கம் ஒரு வேல் வரைந்துகொள்ளவும் ஆசை.

பதில்: இந்த வார இறுதியில் முடித்துவிட்டால் போகலாம். தொட்டுப் பார்த்தால் அரை மணியில் காய்ந்ததுபோல் தெரியும். உண்மையில் இறுக ஒரு வாரம் ஆகும். அவசரத்தில் கொதிக்கும் வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தெர்மோகோல் சுருங்கும். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்து, பெயிண்ட் வாசனை துளியும் இல்லை என்றான பிறகே பஞ்சு மெத்தைகளைத் திரும்ப மாட்டுங்கள்.

வேல் படத்தைக் கையால் வரைய வேண்டாம். மெல்லிய வினைல் தாளில் வெட்டி, நிறம் அடித்த மறுநாள் ஒட்டி, விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்திவிட்டு, அதன்மேல் மூன்று மெல்லிய கிளியர் பூச்சு கொடுங்கள். முதல் கிளியரைக் கெட்டியாக அடித்தால் வேலின் நுனி சுருண்டு தூண்டில்முள்போல் ஆகிவிடும்.